வினவுவது யார்? – உயிர்ப்புப் பெருவிழாவும் நம் குழந்தைகளும்

தவக்காலம் பிறந்துவிட்டால் நம் பங்குகளில் இரண்டு ஒத்திகைகள் தொடங்கிவிடும். ஒன்று பாடகர் குழுவினுடையது. மற்றொன்று மறைக்கல்விப் பிள்ளைகளின் நாடகம். இவ்வாண்டும் சாம்பல் புதன் கழிந்த சில நாள்களில் மறைக்கல்வி ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்து, "சாமி, ஈஸ்டருக்குப் பிள்ளைகள் நடிக்க ஒரு நாடகம் எழுதித் தாங்க" என்று கேட்டார். புதிதாக எழுதச் சோம்பல்பட்டுப் பழைய பெட்டியைத் துழாவினேன். குருப்பட்டம் பெற்று உதவிப் பங்குத்தந்தையாகப் பணியாற்றிய முதல் ஆண்டில் நானே எழுதிய நாடகம் ஒன்று, மஞ்சள் பூத்த நோட்டுப் புத்தகத்தில் கிடைத்தது. 'வென்றார் வேந்தர்' என்று தலைப்பிட்டிருந்தேன். அன்று பங்கு மக்கள் கைதட்டி மகிழ்ந்த நாடகம் அது.

இரவு அமர்ந்து அதனை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். மறுநாள் ஆசிரியையிடம், "நாடகம் கிடைக்கவில்லை, வேறு ஏதேனும் செய்வோம்" என்று சொல்லி அனுப்பினேன். ஒரு குருவானவர் சொல்லத் தகாத சிறு பொய் அது. நோட்டுப் புத்தகம் என் மேசை மேல்தான் கிடந்தது. அதனை ஏன் கொடுக்க மனம் வரவில்லை என்பதை எனக்கே தெளிவுபடுத்திக் கொள்ளும் முயற்சியே இக்கட்டுரை. பிறர் நூலைத் திறனாய்வது எளிது. தன் எழுத்தைத் தானே எடைபோடுவது ஒருவகை ஒப்புரவு அருளடையாளம் போன்றது. வாசகர்கள் பொறுமையோடு செவிமடுக்க வேண்டுகிறேன்.

நாடகமும் அதன் குறையும்

நாடகத்தில் மூன்று காட்சிகள். முதற்காட்சியில் கல்லறையைக் காவல் காக்கும் நான்கு வீரர்கள். தாயம் உருட்டுகிறார்கள், தூங்கி விழுகிறார்கள், ஒருவனை ஒருவன் கேலி செய்கிறார்கள். திரைப்பட நகைச்சுவையின் வாடை அதில் பலமாக வீசுகிறது. இரண்டாம் காட்சியில் தகரத் தட்டைக் குலுக்கி எழுப்பும் இடி. ஆலயத்திற்கு வெளியே வெடிக்கும் சரவெடி. கயிற்றால் இழுக்கப்பட்டு உருளும் தெர்மோகோல் கல். கல்லறைக்குள் மறைத்து வைத்த முக்காலி மீது வெண்பட்டு உடுத்திய இளைஞர் எழுந்து நிற்கிறார், கையில் வெற்றிக்கொடி. வீரர்கள் அலறி விழுகிறார்கள். மூன்றாம் காட்சியில் பெண்கள் மூவர் பூத்தட்டுகளோடு வருகிறார்கள். வானதூதர் செய்தி சொல்கிறார். அனைவரும் சேர்ந்து பாடத் திரை விழுகிறது.

வேடிக்கைக்கு இதில் பஞ்சமில்லை. பிள்ளைகளுக்கும் ஆசை தீர நடிக்க இடமிருக்கிறது. நம் ஊர்களில் 'பாஸ்கா' நாடகம் எழுத்தறியா மக்களுக்கு நடமாடும் விவிலியமாக விளங்கியதை நான் நன்கறிவேன். யாழ்ப்பாணத்தில் 1965-இல் தொடங்கப்பட்ட திருமறைக் கலாமன்றம் ஆண்டவரின் பாடுகளை மேடையேற்றி ஆற்றிய தொண்டு தமிழ்க் கிறிஸ்தவ உலகம் மறக்கக் கூடாதது. ஆகவே நாடகம் என்னும் கலையை நான் குறைகூற வரவில்லை. அக்கலையைக் கையிலெடுத்து நான் எதைக் காட்டினேன், எதை மறைத்தேன் என்பதே கேள்வி.

நான் காட்டியது, எவரும் காணாத ஒன்றை. நான்கு நற்செய்திகளையும் அருகருகே வைத்துப் படிக்கும் எவருக்கும் ஓர் உண்மை புலப்படும். ஆண்டவர் கல்லறையை விட்டு வெளியேறும் காட்சியை எந்த நற்செய்தியாளரும் எழுதவில்லை. மத்தேயு நிலநடுக்கத்தைச் சொல்கிறார். வானதூதர் கல்லைப் புரட்டி அதன்மேல் அமர்ந்ததைச் சொல்கிறார். காவலர் நடுங்கிச் செத்தவர் போலானதையும் சொல்கிறார். ஆயினும் அவர்கூட இயேசு வெளியே வந்தார் என்று எழுதவில்லை. கல் அகற்றப்பட்டது ஆண்டவர் வெளிவருவதற்காக அல்ல. அவர் அங்கில்லை என்பதைப் பெண்கள் உள்ளே சென்று காண்பதற்காக. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் உயிர்ப்பு நிகழ்வைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை, எந்த நற்செய்தியாளரும் அதனை வருணிக்கவில்லை என்று தெளிவாகவே கற்பிக்கிறது.

வருணித்த நூல் ஒன்று பழங்காலத்தில் இருந்தது. அதற்குப் 'பேதுரு நற்செய்தி' என்று பெயர். அதன் ஒரு பகுதி 1886–87 குளிர்காலத்தில் எகிப்து நாட்டு அக்மீம் நகரில் ஒரு கல்லறையிலிருந்து கண்டெடுக்கப்பட்டது. அதில் வானிலிருந்து இறங்கிய இருவர் மூன்றாமவரைத் தாங்கிக் கல்லறையிலிருந்து வெளியே வருகிறார்கள். அவர்கள் தலை வானத்தைத் தொடுகிறது. சிலுவையும் பின்னால் நடந்து வருகிறது, பேசவும் செய்கிறது! கி.பி. 200-ஐ ஒட்டிய காலத்தில் அந்தியோக்கியா ஆயர் செராப்பியோன் அந்நூலை ஆய்ந்து, அது திருத்தூதரின் எழுத்தன்று என ஒதுக்கிய வரலாற்றை யூசேபியு பதிவு செய்திருக்கிறார். என் நாடகத்தின் இரண்டாம் காட்சி நற்செய்தி நூல்களைவிட, திருச்சபை ஏற்காத இந்நூலுக்கே நெருங்கிய உறவு என்பதை எண்ணும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. சிலுவை நடந்து வரும் காட்சி மட்டுந்தான் விடுபட்டுப் போயிற்று. முக்காலி இன்னொன்று கிடைத்திருந்தால் அதையும் சேர்த்திருப்பேனோ என்னவோ!

இதற்கு நேர்மாறானது மேலைத் திருச்சபையின் மிகப் பழைய உயிர்ப்பு நாடகம். பத்தாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வின்செஸ்டர் ஆயர் எத்தெல்வோல்டு தொகுத்த துறவியர் ஒழுங்கு நூலில் அதற்கான குறிப்பு உள்ளது. பெருவிழா அதிகாலையில் ஒரு துறவி வெண்ணுடையில் சென்று கல்லறையாக அமைத்த இடத்தில் அமர்வார். வேறு மூவர் தூபக் கலசங்களோடு எதையோ தேடுகிறவர்கள்போல் தயங்கித் தயங்கி வருவர். யாரைத் தேடி வந்தீர்கள் என அமர்ந்திருப்பவர் வினவுவார். அவர்கள் விடை சொல்வர். பிறகு வெறுமையான இடத்தையும் அங்கே கிடக்கும் துணியையும் காட்டுவார். அவ்வளவுதான். கிறிஸ்துவாக வேடமிட்டு எவரும் மேடையேறுவதில்லை. ஐரோப்பியத் திருச்சபையின் நாடகக் கலையே இந்தச் சிறு உரையாடலிலிருந்துதான் வளர்ந்தது என்பர் கலை வரலாற்றாசிரியர். அந்த விதை ஒரு கேள்வி. என் நாடகத்தில் எவரும் எவரையும் எதுவும் கேட்கவில்லை. பெண்கள்கூட அழுதுகொண்டு வரவில்லை. பூத்தட்டோடு சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

ஒரு சிறுவன் கேட்டது

இவையெல்லாம் நூலறிவால் இன்று சொல்லும் குறைகள். அன்றைக்கே என் நாடகத்தைத் திறனாய்ந்தவன் ஒருவன் உண்டு. காவல் வீரர்களில் ஒருவனாக நடித்த ஐந்தாம் வகுப்புச் சிறுவன் அவன்.

நாடகம் முடிந்தது, திருப்பலியும் முடிந்தது. பூசை உடைகள் வைக்கும் அறையில் பிள்ளைகள் அட்டைக் கவசங்களைக் கழற்றிக் கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பிளாஸ்டிக் டிபன் பெட்டி பரிசாகக் கொடுத்துக் கொண்டிருந்தேன். இவன் முறை வந்தபோது பெட்டியை வாங்காமல் நின்றான்.

"சாமி, எங்கப்பா கல்லறைக் கல்லையும் இப்படித் தள்ளிருவாங்களா?"

அவன் தந்தை முந்தைய கார்த்திகையில் கிணறு வெட்டும்போது மண் சரிந்து இறந்தவர். அடக்கத் திருப்பலியை நிறைவேற்றியவன் நானே. ஒத்திகை நடந்த நாள்கள் முழுவதும் அது என் நினைவிலேயே இல்லை. அவனை ஒரு கல்லறையின் முன் நிறுத்தி, கையில் ஈட்டியும் கொடுத்து, சிரிக்கச் சொல்லியிருந்தேன்.

"உலக முடிவுல எல்லாரும் உயிர்த்தெழுவோம்பா. நல்ல பிள்ளையா செபம் பண்ணு" என்றேன்.

"அப்ப சேசு சாமிக்கு மட்டும் ஏன் மூணே நாள்ல?"

நான் அவன் தலையைத் தடவிக்கொடுத்து, டிபன் பெட்டியைக் கையில் திணித்து, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன். இரவு மணி ஒன்றரை. அடுத்த திருப்பலிக்கு வேறு கிளைக் கிராமத்திற்குப் போக வேண்டியிருந்தது. இவை காரணங்கள், சாக்குகள் அல்ல என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

நான் சொன்ன விடை பிழையானதா? இல்லை. நம்பிக்கை அறிக்கையின் இறுதியில் நாம் அறிக்கையிடுவது அதுவே. ஆனால் சரியான விடையும் ஒரு வாயிலை அடைக்கப் பயன்படலாம். அச்சிறுவன் என் நாடகத்தை அதன் சொல்லுக்குச் சொல் நம்பினான். இறந்த ஒருவர் வெடியோசையோடு எழுந்து மேடையில் நின்றார் என்று அது காட்டிற்று. அவ்வாறு எழாத தன் தந்தையைப் பற்றி அவன் கேட்டான். உயிர்ப்பை ஒரு வேடிக்கையாகக் காட்டினால், அந்த வேடிக்கை தன் வீட்டில் ஏன் நிகழவில்லை என்று குழந்தை கேட்பது இயல்புதானே? மகதலா மரியாவைப்போல் கல்லறை வாயிலில் அழுதுகொண்டு நிற்கும் ஒருவரை அம்மேடையில் அவன் கண்டிருந்தால், தனக்கும் அங்கே ஓர் இடம் உண்டு என்றாவது அறிந்திருப்பான்.

குறிப்பிடமும் அதன் கேள்விகளும்

நாடகத்தை விட்டு நம் மறைக்கல்வி முறைக்கு வருவோம். தமிழ் மண்ணில் குழந்தைகளுக்கு மறைக்கல்வி புகட்டும் முயற்சி அச்சுக்கலையோடு சேர்ந்தே பிறந்தது. அண்ட்ரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. அடுத்த ஆண்டே கொச்சியில் வெளிவந்த 'கிரிசித்தியானி வணக்கம்', மார்க்கோஸ் ஜோர்ஜ் என்ற சேசு சபைக் குரு போர்த்துக்கீசிய மொழியில் சிறுவர்களுக்காக உரையாடல் வடிவில் எழுதிய நூலின் மொழிபெயர்ப்பு. அன்றிலிருந்து நம் பாட்டிமார் மனப்பாடம் செய்த 'சின்னக் குறிப்பிடம்' வரை வினா–விடை என்னும் வடிவமே நம் மறைக்கல்வியின் முதுகெலும்பாக இருந்து வந்திருக்கிறது.

இவ்வடிவத்தை இகழ்ந்து பேசுவது இன்று நாகரிகமாகிவிட்டது. நான் அதற்கு உடன்படமாட்டேன். குருக்கள் இன்றி ஆண்டுக்கணக்கில் தவித்த கிராமங்களில் விசுவாசத்தை அணையாமல் காத்தது உபதேசியார்கள் வாய்ப்பாடமாகக் கற்பித்த அந்த வினா–விடைகள்தாம். 1773-இல் சேசு சபை கலைக்கப்பட்டபின் மதுரை மறைப்பணித் தளம் பட்ட பாட்டை அறிந்தவர்கள் இதன் அருமையை உணர்வார்கள். மனப்பாடம் ஒரு களஞ்சியம். பஞ்ச காலத்தில் அதுதான் சோறு போடும்.

எனினும் அதில் ஓர் அமைப்புக் குறை உண்டு. வினாவும் ஆசிரியருடையது, விடையும் ஆசிரியருடையது. குழந்தைக்கு உரியது குரல் மட்டுமே. 'இயேசு எப்போது உயிர்த்தெழுந்தார்?' என்று கேட்டால், 'மூன்றாம் நாள்' என்று வகுப்பே முழங்கும். அந்த முழக்கத்தில் எந்தக் குழந்தை உண்மையாகவே கேட்க விரும்பியது எது என்பது நமக்குத் தெரியவே வராது.

திருநாளின் பொருளைக் குழந்தைகளுக்கு எவ்வாறு கற்பிப்பது என்பதற்கு விவிலியமே ஒரு முறையை வகுத்துத் தந்திருக்கிறது. அது இதற்கு நேர் எதிரானது. விடுதலைப் பயண நூலின் 12-ஆம் அதிகாரத்தில், எகிப்தைவிட்டு இன்னும் ஓர் அடிகூட எடுத்து வைக்காத மக்களுக்கு மோசே பாஸ்கா ஒழுங்குகளைக் கூறுகிறார். வருங்காலத்தில் இந்த வழிபாட்டின் பொருள் என்ன என்று உங்கள் பிள்ளைகள் கேட்கும்போது, இன்ன விடை சொல்லுங்கள் என்கிறார். யோசுவா நூலின் 4-ஆம் அதிகாரத்திலும் இதே முறை. யோர்தான் ஆற்றிலிருந்து எடுத்த பன்னிரு கற்களை நாட்டி வைப்பதன் நோக்கமே, பின்னாளில் பிள்ளைகள் அவற்றைப் பார்த்து இவை என்ன என்று கேட்க வேண்டும் என்பதுதான். இங்கே கேள்வி குழந்தையுடையது. பெரியவர்களின் கடமை இரண்டு: கேள்வி எழும்படியான ஒன்றைக் கண்முன் வைப்பது, எழுந்தபின் விடை சொல்வது.

யூத மக்கள் இந்தக் கட்டளையை எவ்வளவு கருத்தோடு காத்தார்கள் என்பதைக் கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா காட்டுகிறது. பாஸ்கா விருந்தில் இரண்டாம் கிண்ணம் நிரப்பப்பட்டவுடன் மகன் தந்தையைக் கேட்க வேண்டும். கேட்கத் தெரியாதவனாயின் தந்தை அவனுக்குக் கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். பின்னாளில் உருவான பாஸ்கா விருந்து நூல் நான்கு வகைப் பிள்ளைகளைச் சொல்கிறது: அறிவுள்ளவன், முரண்டு பிடிப்பவன், பேதை, கேட்கவே தெரியாதவன். நால்வருக்கும் நான்கு விடைகள். எல்லாருக்கும் ஒரே விடையை ஒரே குரலில் ஒப்பிக்கச் சொல்லவில்லை அந்த மரபு. கேட்கத் தெரியாதவனையும் ஒதுக்கவில்லை. அவனுக்கு நீயே பேச்சைத் தொடங்கிக் கொடு என்று தந்தையைப் பணிக்கிறது.

என் சிறுவன் இந்நால்வரில் யார்? முதலாமவன் என்றே இன்று நினைக்கிறேன். அவன் கேட்ட இரண்டாம் கேள்வி, அவனை அறியாமலே, புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15-ஆம் அதிகாரக் கேள்வி. கிறிஸ்து ஏன் முந்தினார்? முதற்கனியாக என்று விடை தருகிறார் திருத்தூதர். வயற்காட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இதைவிட எளிய விடை வேறு உண்டா? முதற்கதிர் முற்றினால், மற்றக் கதிர்களும் முற்றும் என்பது அவனுக்குத் தெரியாததா? குருமடத்தில் இறையியல் பயின்றவன் நான். அவன் வயலில் கதிர் பார்த்தவன். இருவரும் சந்தித்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு டிபன் பெட்டியைக் குறுக்கே வைத்தேன்.

கேட்க வைக்கும் வழிபாடு

குழந்தை கேட்பதற்கென்றே ஒன்றைக் கண்முன் வைக்க வேண்டுமென்றால், நாம் புதிதாக எதையும் எழுதத் தேவையில்லை. பாஸ்கா திருவிழிப்பு வழிபாடே அப்படி அமைந்த ஒன்று. அதனை ஓர் இலக்கியப் படைப்பாகவே எடுத்து நோக்கினாலும், அதன் அமைப்பு வியப்பூட்டும்.

ஆலயத்தின் விளக்குகள் அனைத்தும் அணைக்கப்படுகின்றன. எல்லாரும் வெளியே நிற்கிறார்கள். நெருப்பு மூட்டப்படுகிறது. ஒரு பெரிய திரியில் சிலுவையும், அகரமும் னகரமும் போன்ற கிரேக்க முதல், கடை எழுத்துகளும், அந்த ஆண்டின் நான்கு எண்களும் வரையப்படுகின்றன. ஐந்து சாம்பிராணி மணிகள் ஐந்து காயங்களாகப் பதிக்கப்படுகின்றன. ஒற்றைச் சுடர் இருளுக்குள் நுழைகிறது. மும்முறை நின்று நின்று செல்கிறது. அதிலிருந்து கைக்குக் கை ஒளி பரவுகிறது. பிறகு நீண்ட வாசகங்கள்: பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு, புதிய ஏற்பாட்டிலிருந்து இரண்டு. சுருக்க நேர்ந்தாலும் செங்கடலைக் கடக்கும் பகுதியை விடவே கூடாது என்பது ஒழுங்கு. பின்னர் மணிகள் ஒலிக்கின்றன, தண்ணீர் மந்திரிக்கப்படுகிறது, அது நம் முகத்தில் வந்து தெறிக்கிறது.

ஏன் வெளியே நிற்கிறோம்? ஏன் விளக்கை அணைத்தார்கள்? திரியில் ஏன் இந்த வருட எண்? ஏன் இவ்வளவு நேரம் வாசிக்கிறார்கள்? ஏன் என்மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள்? விழித்திருக்கும் எந்தக் குழந்தைக்கும் இந்த ஐந்து கேள்விகளும் தாமாகவே எழும். ஒவ்வொன்றின் விடையும் உயிர்ப்பு மறைபொருளின் ஒவ்வொரு கதவு. கல்லறையிலிருந்து யார் எழுந்து நின்றார் என்ற காட்சி மட்டும் அதில் இல்லை. எந்த நேரத்தில் அது நிகழ்ந்தது என்பதை அந்த இரவு ஒன்றே அறியும் என்று பாஸ்கா புகழுரையும் அடக்கத்தோடு பாடி நின்றுவிடுகிறது.

ஆனால் நம் குழந்தைகள் அங்கே விழித்திருக்கிறார்களா என்பதே கேள்வி. பெரிய வெள்ளியன்று குடும்பம் குடும்பமாக ஆலயம் நிரம்பி வழிகிறது. திருவிழிப்பிற்கோ, 'பிள்ளைகள் தூங்கட்டும், காலைப் பூசைக்கு அழைத்துப் போகலாம்' என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். அழைத்து வந்தாலும் மடியில் தூங்கும் பிள்ளைகளே அதிகம். ஆண்டவர் இறந்ததை முழுவதும் கண்டு, உயிர்த்ததைத் தூங்கிக் கழிக்கும் ஒரு தலைமுறையை நாம் வளர்த்து வருகிறோம். இதில் பெற்றோரை மட்டும் பழிப்பது நியாயமன்று. பல நூற்றாண்டுகளாக இந்தத் திருவிழிப்பு சனிக்கிழமை காலையிலேயே, ஏறத்தாழ ஆளில்லாத ஆலயங்களில் நடைபெற்று வந்தது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1951-இல் இரவு வழிபாட்டிற்கு இசைவளித்து, 1955-இல் புனித வாரத்தைச் சீரமைத்து, அடுத்த ஆண்டு முதல் நடைமுறைப்படுத்தினார். ஆக, மீட்டெடுக்கப்பட்ட அந்த இரவு நமக்கு இன்னும் புதிதே. நம் குடும்பங்களின் நினைவில் அது ஆழ வேரூன்றவில்லை. இன்றும் 'நேரமாகிறது' என்று வாசகங்களைக் குறைப்பவர்களும், நாடகத்திற்கு நேரம் ஒதுக்குவதற்காகவே குறைப்பவர்களும் குருக்களாகிய நாங்களே.

கேள்விகள் எழுந்தாலும் அந்த இரவிலேயே விடை சொல்லியாக வேண்டுமென்பதில்லை. நான்காம் நூற்றாண்டில் எருசலேமிற்குத் திருப்பயணம் சென்ற எஜீரியா என்னும் பெண்மணி, அங்கு உயிர்ப்பு வாரம் முழுவதும் ஆயர் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு அவர்கள் பெற்ற மறைபொருள்களை விளக்கியதை எழுதி வைத்திருக்கிறார். புனித சிரில் பெயரால் வழங்கும் எருசலேம் மறைபொருள் உரைகளும் இந்த வகையினவே. முதலில் அனுபவம், பிறகு விளக்கம். நாமோ தவக்காலம் முழுவதும் விளக்கிவிட்டு, உயிர்ப்பு ஞாயிறு மாலையோடு மறைக்கல்விக்கு விடுமுறை விட்டுவிடுகிறோம். குழந்தைகள் கேட்கத் தொடங்கும் நேரத்தில் வகுப்பறைக் கதவு பூட்டிக் கிடக்கிறது.

வானதூதர் கேட்டதும் ஆண்டவர் கேட்டதும்

இவ்வாண்டு நாடகம் இல்லை என்றதும் பிள்ளைகள் முகம் வாடிற்று. அதற்கு மாறாக, திருவிழிப்பில் நெருப்பைச் சுற்றி முன்வரிசையில் அவர்களையே நிறுத்தினேன். அன்று பகலில் தூங்க வைக்குமாறு தாய்மாரிடம் முன்னதாகவே சொல்லியிருந்தேன். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கேள்வியாவது மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், வீட்டிற்குப் போய்ப் பெரியவர்களைக் கேட்க வேண்டும், அடுத்த ஞாயிறு வந்து சொல்ல வேண்டும் என்பதே ஏற்பாடு. எல்லாம் சிறப்பாக நடந்தது என்று சொல்லமாட்டேன். பாதிப் பிள்ளைகள் மூன்றாம் வாசகத்திற்குள் உறங்கிவிட்டார்கள். ஒரு பையன், 'கேக் எப்போது கொடுப்பீர்கள்' என்பதையே தன் கேள்வியாகக் கொண்டு வந்தான். அதுவும் கேள்விதான்.

ஒரு சிறுமி மட்டும், விளக்குகளை ஏன் அணைத்தார்கள் என்று தன் பாட்டியைக் கேட்டிருக்கிறாள். பாட்டி சொன்ன விடையை அடுத்த ஞாயிறு அவள் வந்து ஒப்பித்தாள்: "உங்க தாத்தா செத்த அன்னைக்கு ராத்திரி நம்ம வீடு இப்படித்தான் இருந்துச்சு தாயி. அப்புறம் ஆளுக்கொரு திரியக் கொளுத்திக்கிட்டு ஊரே வந்து நின்னுச்சு." நான் எழுதிய எந்த மறையுரையிலும் இப்படி ஒரு விளக்கம் வந்ததில்லை. விடை சொல்ல வேண்டியவர் குரு அல்லர், வீட்டிலுள்ள பெரியவர் என்று மோசே ஏன் பணித்தார் என்பது எனக்கு அன்றுதான் விளங்கிற்று.

உயிர்த்த ஆண்டவர் முதன்முதலாகப் பேசிய சொற்களை நற்செய்திகளில் தேடிப் பாருங்கள். யோவான் நற்செய்தியில் அழுதுகொண்டிருக்கும் மரியாவிடம், ஏன் அழுகிறாய், யாரைத் தேடுகிறாய் என்று கேட்கிறார். லூக்கா நற்செய்தியில் எம்மாவுக்குச் செல்லும் சீடரிடம், வழியில் எதைப் பற்றிப் பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்கிறார். சாவை வென்றவர் வெற்றி முழக்கத்தோடு வரவில்லை. துயருற்றவர்களின் நெஞ்சில் உள்ளதை வினவிக்கொண்டு வருகிறார். அவர் சிறுவனாயிருந்த காலத்தைப் பற்றி நற்செய்தி சொல்லும் ஒரே நிகழ்வும் ஒரு பாஸ்கா விழாவில்தான் நடந்தது. பன்னிரண்டு வயதில் எருசலேம் கோவிலில், போதகர் நடுவே அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டும் அவர்களிடம் கேள்விகள் கேட்டுக்கொண்டும் இருந்தார் என்கிறார் லூக்கா. அந்தப் போதகர்கள் அவரைத் தலையைத் தடவி அனுப்பிவிடவில்லை. மூன்று நாள் உட்கார வைத்துப் பேசினார்கள். அவர்களைப் பற்றி நாம் நல்லதாக ஒரு சொல்கூடச் சொல்வதில்லை.

என் நாடகத்தை முதலில் திறனாய்ந்த அந்தச் சிறுவன் இப்போது எங்கிருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. அடுத்த ஆண்டே நான் இடம் மாறிவிட்டேன். ஆனால் ஒன்று மட்டும் நினைவிலிருக்கிறது. அன்றிரவு அவன் கவசம் கழற்றிய அந்த அறையின் மூலையில், பழைய ஆண்டின் பாஸ்கா திரி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. எரிந்து குறுகிப் போன திரி. கார்த்திகை மாதத்தில் அவன் தந்தையின் பேழையருகே நின்று எரிந்தது அதுவே. அவன் தந்தை திருமுழுக்குப் பெற்றபோதும் கையில் ஏந்திய சுடர் அத்தகைய ஒரு திரியிலிருந்து ஏற்றப்பட்டதுதான். ஆலயத்தினுள் புதிய ஆண்டின் எண்களோடு புதிய திரி எரிந்துகொண்டிருந்தது. அவனைக் கைப்பிடித்து அழைத்துப் போய், இரண்டையும் காட்டி, 'உங்கப்பா பக்கத்துல நின்னது இது. இப்ப உன் பக்கத்துல எரியிறது அது' என்று சொல்லியிருந்தால் போதும். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

'வென்றார் வேந்தர்' நோட்டுப் புத்தகத்தை நான் கிழித்துப் போடவில்லை. அதன் கடைசிப் பக்கத்தில் அந்தச் சிறுவனின் இரண்டு கேள்விகளையும் எழுதி வைத்திருக்கிறேன். வாசகர்களில் பெற்றோர் பலர் இருப்பீர்கள். வரும் திருவிழிப்பில் உங்கள் பிள்ளை உங்கள் சட்டையை இழுத்து ஏதேனும் கேட்டால், 'உஷ்' என்று அடக்கிவிடாதீர்கள். வழிபாடு அந்தக் கேள்விக்காகவே காத்துக்கொண்டிருக்கிறது.